ஜெனீவாவுக்குப் போனது நானில்லை

இரண்டு மாதத்துக்கு முன்னால் தாம்பரம் ஸ்டேஷனில் மலர்க்கொடியைப் பார்த்தேன். சட்டக் கல்லூரியில் என் மாணவி. இப்போது செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். இருளர் பெண்.

"சார், ஜெனீவா போறேன். பழங்குடி மக்கள் உரிமை மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க."

சந்தோஷம்மா என்றேன். வயிறு எரிந்தது... பொய் சொல்வானேன்? அதே மாநாட்டுக்கு நானும் முயற்சி செய்திருந்தேன். பதில்கூட வரவில்லை. சர்வதேசச் சட்டத்தில் அந்தப் பாடத்தை இவளுக்கு நடத்தியதே நான்தான்.

பேச்சை ஒரு தடவை கேளுங்க சார் என்று சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினாள். குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. அதற்காகச் சும்மா விட மனசு வருமா? பாம்பு பிடிக்கிற ஜனம் என்று ஆரம்பி, வெள்ளைக்காரன் நிமிர்ந்து உட்காருவான் என்றேன். யோசித்தாள். எங்க ஆளுங்களைக் கேட்கிறேன், நீங்களும் வாங்க என்றாள்.

கூடுவாஞ்சேரியைத் தாண்டி அவர்கள் குடியிருப்பு. ஏரிக்குப் போகும் வழியில் புது லேஅவுட்காரர்கள் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். மீன், நண்டு, விறகு — எல்லாம் அந்தப் பக்கம். ஜனம் இந்தப் பக்கம்.

மலர்க்கொடி ஒவ்வொரு வரியாக வாசித்து, இதைச் சொல்லலாமா என்று கேட்டாள். சண்டை போட்டார்கள். சேர்த்தார்கள், வெட்டினார்கள். என் பாம்பு வந்ததும் அவளுடைய சித்தி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாம்ப வுடு. வித்த காட்டவா போற? வழிய அடச்சிட்டாங்க, எங்கள ஒரு வார்த்த கேக்கலன்னு சொல்லு."

அவ்வளவுதான். என் வரி காலி.

பழங்குடிகளின் நிலத்தில் எதையும் செய்யும் முன், விவரம் முழுக்கச் சொல்லி, வற்புறுத்தாமல், அவர்கள் சம்மதத்தைப் பெற வேண்டும் — சர்வதேசப் பிரகடனம் சொல்வது இதைத்தான். வருஷா வருஷம் அதைப் பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு வந்தவன் நான். இவளோ, தன் பேச்சுக்கே ஜனத்திடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவள் ஜெனீவாவில் பேசியதை மொபைலில் பார்த்தேன். முதல் வரி சித்தியுடையது. அதைச் சித்தி சொன்ன அதே பேச்சில் சொல்லிவிட்டு, பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போனாள். வேலி இன்னும் நிற்கிறது. ஊர் திரும்பிய மறுநாளே அதற்கு எதிராகக் கேஸ் போட்டுவிட்டாள்.

ஜெனீவா மேல் இருந்த பொறாமை தணிந்துவிட்டது. இப்போது வேறு பொறாமை. என் பேச்சையும் தங்கள் பேச்சாக நினைத்துச் சண்டை போட எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

எங்கள் அபார்ட்மென்ட் மீட்டிங்கில் நான் பேச எழுந்தாலே, பாதிப் பேர் காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.