எறும்பு மொய்த்த வயர்

தைப்பூசம் முடிந்து எங்கள் தண்ணீர்ப்பந்தலைப் பிரித்தபோது, ஒரு கறுப்பு வயர் சுருளைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார் பந்தலுக்குப் பொறுப்பாக இருந்த அண்ணன். எழுபது அடி இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற தடித்த ரப்பர் வயர். மூன்று நாளும் பந்தலின் விளக்கும் மோர் கலக்கும் மெசினும் அதில்தான் ஓடின.

"அடுத்த வருசத்துக்குப் புதுசு ஒருத்தர் தர்றேன்னுட்டார். இதை நீயே வச்சுக்க லா," என்றார்.

வேறு யாராவது என்றால் சந்தோசமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே, இதை வீட்டில் மாட்டினால் வீடு எரியுமா என்று யோசித்துக்கொண்டு போனேன்.

நான் அப்படித்தான். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். பயப்படுவதற்கு அது போதாதா?

ஆனால் வயர் எங்களுக்குத் தேவையாக இருந்தது. என் மனைவி தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கிறாள். மாவு மெசின் வீட்டுக்குப் பின்னால் கூரை போட்ட இடத்தில் இருக்கிறது. அங்கே பிளக்கு கிடையாது. முன்கூடத்திலிருந்து ஒரு நீட்டு வயர் சமையலறைத் தரையெல்லாம் ஓடிப் பின்வாசல் வழியாகப் போகும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது அவள் காலில் மாட்டிக்கொண்டது. மாவு வாளியை எப்படியோ காப்பாற்றிவிட்டாள், முட்டிதான் கதவு நிலையில் போய் இடித்தது. ஈரத்தரை, கையில் வாளி, காலடியில் வயர். அன்றிலிருந்து மெசின் சத்தம் கேட்டாலே எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன்.

"பின்னால ஒரு பிளக்கு வச்சுக் குடுங்க. இல்லாட்டி அடுத்த தடவை என்னையும் மாவையும் சேர்த்துத்தான் அள்ளணும்," என்றாள்.

அதனால் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. ரதம் வருவதற்கு முன்னால் சாலையில் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைப்பார்களே, எங்கள் பந்தல் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தது. சோப்புத் துணியால் அடியடியாகத் துடைத்து, மூன்று நாள் நிழலில் காயப்போட்டேன். நான்காம் நாள் பார்த்தால் எறும்பு. மறுபடி துடைத்தேன். மறுபடியும் எறும்பு. இந்தத் தடவை ஒரே ஒரு முனையில் மட்டும். வரிசையாக வந்து, வெட்டிய வாய் வழியாக வயருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன.

நான் டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"உள்ள குடித்தனம் வந்துருச்சா? வாடகை கேளுங்க," என்றாள்.

மைத்துனரிடம் கரண்ட் வேலை செய்கிறவர் நம்பர் ஒன்று வாங்கிக் கூப்பிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிளோடு வந்து இறங்கினாள் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். லைசன்ஸ் எடுத்த வயர்மேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அட்டையை எடுத்துக் காட்டினாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் பத்தொன்பது. வாங்கிப் படித்தாள்.

"அண்ணே, பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கு."

"தங்கச்சி, பாஸ் ஆனாத்தான் காப்பி," என்றாள் மனைவி.

வந்தவள் முதலில் வயரின் மேல் அச்சடித்திருந்த எழுத்தைத் தேடிப் படித்தாள். உள்ளே எவ்வளவு கனமான கம்பி என்று அதில் போட்டிருக்குமாம். எழுத்தே இல்லாத வயராக இருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றாள். பிறகு முழு நீளத்தையும் கைமுட்டியில் சுற்றிச் சுற்றி வளைத்துப் பார்த்தாள், வெயிலில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று. உள்ளே பழுப்பு, நீலம், மஞ்சள் கோடு போட்ட பச்சை என்று மூன்று கம்பிகளும் இருந்தன.

"வெளி வயர்னா வீட்டுக்கு ஆகாதுன்னு இல்லண்ணே. எவ்வளவு கனம், என்ன மெசின் ஓடப்போகுது, எந்த வழியா போகுது, அதைத்தான் பார்க்கணும். சுவத்துக்குள்ள புதைக்க மாட்டேன். வெளிச்சுவத்து மேல பைப் போட்டு, அதுக்குள்ள கொண்டுபோறேன்."

பத்தொன்பதாவது கேள்விக்கு வந்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அதை விடுங்க, சிரிக்கப்போறாங்க," என்றாள் மனைவி.

வயர்மேன் பெண் சிரிக்கவில்லை. "எறும்பா? எந்த முனையில?" என்று கேட்டாள்.

காட்டினேன். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். மெக்கர் என்றாள். வயருக்குள் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குக் கரண்ட் கசிகிறதா என்று சொல்லும் கருவி. அதைக் கம்பிகளில் மாட்டி அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த முனை எங்க கிடந்துச்சு?"

"ரோட்டோரத்துல. தேங்காய் உடைச்ச இடத்துல."

அவள் ரப்பரைச் சீவினாள். செம்பு கறுத்துப்போய், புளித்த வாடை அடித்தது.

"கம்பி நூல் நூலா இருக்குல்ல. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி இதுவும் உள்ள இழுத்துக்கும். முருகனுக்கு உடைச்சதை உங்க வயர் குடிச்சிருக்கு. நீங்க வெளியதான் துடைச்சிருக்கீங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

பிறகு அந்தப் பெண் வெட்ட ஆரம்பித்தாள். ஓர் அடி, கறுப்பு. மூன்று அடி, பச்சை. ஆறு அடி, இன்னும் மங்கல். சுவிச்சுப் பெட்டியிலிருந்து மெசின் இருக்கிற கழிவுநீர்க் கால்வாய் மூலைவரை அறுபத்தைந்து அடி வேண்டும். ஒவ்வொரு 'நறுக்'குக்கும் மனைவியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒன்பதாவது அடியில்தான் செம்பு புதுக்காசு மாதிரி மினுக்கியது. மெக்கரில் மறுபடி பார்த்தாள். தலையாட்டினாள். வயர் நல்லது. ஆனால் நான்கு அடி குறைகிறது.

"நாலு அடிதானே தங்கச்சி," என்றாள் மனைவி. "ஒரு துண்டை முறுக்கி டேப் சுத்திடலாமே. பந்தல்ல எல்லாம் அப்படித்தானே செய்றாங்க."

"பந்தல் மூணு நாள் அக்கா. வீடு வருசம் பூரா. கோளாறு வந்தா ஒட்டுப் போட்ட இடத்துலதான் முதல்ல சூடாகும். அதுவும் நீங்க மாவுப் பாத்திரம் கழுவுற தண்ணி தெறிக்கிற மூலையில."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"வயரை ஏன் நீட்டணும்? மெசினை நாலு அடி இந்தப் பக்கம் நகர்த்தலாமே."

"அங்க ஜன்னல் இருக்கு," என்றாள் மனைவி.

"இருக்கட்டுமே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டு அக்காவின் சமையலறை. "சரி, நகர்த்துங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. மாவு மெசினுக்கென்று தனிச் சுவிச்சு வைத்தாள் அந்தப் பெண். கிளம்பும்போது சுவிச்சுப் பெட்டியில் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினாள். கரண்ட் எங்காவது கசிந்தால் அதற்குப் பக்கத்துச் சுவிச்சு தானாக விழுந்து வீட்டுக் கரண்டையே நிறுத்திவிடுமாம். விழுகிறதா என்று மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

"தினமும் அமுக்கலாமா?" என்று கேட்டேன்.

"மாசம் ஒருக்கா போதும்ணே," என்றாள் காப்பியைக் குடித்துக்கொண்டே.

கெட்டுப்போன ஒன்பது அடியை யாரும் எடுத்து மாட்டிவிடக்கூடாது என்று துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன். பழைய நீட்டு வயரைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். சமையலறைத் தரையில் இப்போது ஒன்றுமில்லை. மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு காலடியைப் பார்க்காமலேயே நடக்கிறாள்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பொத்தானை அமுக்குகிறேன். விசிறி நிற்கும், மெசின் நிற்கும். ஜன்னல் வழியாக ஓடிக்கொண்டிருந்த பேச்சும் பாதியில் நிற்கும்.

"கரண்ட் போயிருச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்.

"இல்லக்கா, தேதி ஒண்ணு," என்பாள் என் மனைவி.

சுவிச்சைத் திரும்பப் போட்டுவிட்டுப் பின்னால் போய் பைப்பின் வாயில் எறும்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். இருப்பதில்லை. மெசினுக்கு அடியில் சிந்திய மாவில்தான் இருக்கின்றன.