தராசில் ஏறிய செங்கல்

எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசில் இன்று கடைசியாக என் செங்கல்லை நிறுத்தேன்.

பள்ளிபாளையத்தில் ஒரு பழைய பாய்லரைப் பிரித்தபோது வாங்கி வந்த, உலைச் சூட்டைத் தாங்கும் தீச்செங்கற்கள். வீட்டுக்குப் பின்னால் இரும்பு காய்ச்சச் சின்னதாக உலை கட்டத்தான். ஆனால் மழையில் நனைந்து கிடந்தவை. உள்ளே ஈரம் இருக்கும்போது தீ மூட்டினால் கல் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் வெயிலில் அடுக்கிவிட்டு, இருப்பதிலேயே கனமான கல்லைத் தினமும் கடைக்குத் தூக்கிப் போனேன். எடை குறைகிறவரை ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று கணக்கு.

"ஏனுங்கக்கா, இன்னைக்குக் கல்லு எளைச்சிருக்குதுங்களா?" என்று கடைக்காரர் தினமும் சிரிப்பார்.

என் வீட்டுக்காரரோ, "காஞ்சுதான கெடக்குது, பத்த வெச்சா என்ன?" என்று நச்சரிப்பார். நான் அசையவில்லை.

இன்றோடு மூன்று நாளாக ஒரே எடை. "அக்காவோட கல்லு காஞ்சிருச்சுங்கோ!" என்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கடைக்காரரே அறிவித்தார்.

கல்லை அடுக்கி, மதியம்வரை சிறு தீ. பிறகுதான் துருத்தி. ஒரு கல்லும் வெடிக்கவில்லை! சங்ககிரிப் பட்டறை ஒன்றில் கிடைத்த கம்பித் துண்டைப் பழுக்கக் காய்ச்சி, என் கையாலேயே ஒரு கொக்கி அடித்தேன். ஆறியதும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கியவர் நேராகத் தராசில் வைத்தார். "இதும் எளைக்குமுங்களா?"

நாளைக்கு வெறுங்கையோடு கடைக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. நிறுக்க எதையாவது சொல்லுங்கள்.