மதினியின் படகுக்கு நான் வெட்டிய பின்பலகை

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். செவ்வந்தி மதினி படகு ஓட்டுவார் என்றும் சொன்னேன், எஞ்சின் வாங்குவார் என்றும் சொன்னேன். போன வாரம் ஒரு காலை கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் காற்று சட்டென்று அடங்கியது. "இன்னைக்கு ஒரு சேதி வருது பாரு" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லி வாயை மூடவில்லை, மதினியின் மகளிடமிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, அம்மா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க."



அவரை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். என் அண்ணனின் மனைவி அவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அண்ணன் நீர்த்தேக்கத்தில் வலை போட்டுப் பிழைத்தார். அண்ணன் காலமானதும் படகை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மதினி துடுப்பைக் கையில் எடுத்தார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயமே சிரித்தது. ஒரே மாதத்தில் என் கை நீளத்துக்கு மீன் பிடித்து வந்தார். என் கை எவ்வளவு நீளம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் துடுப்பு செல்லாது. வலையை எடுக்கப் போக முடியாமல் மீன் அதிலேயே அழுகும். மதினியின் அண்ணன் வேலாயுதம் வந்து நின்றார்.

"காத்தோட மல்லுக்கட்ட முடியுமா தங்கச்சி? வித்துப்புட்டு மறுபடி கொழுந்தெடுக்க மலைக்கு ஏறு."

மதினி ஒரு பழைய எஞ்சினை வாங்கி வந்தார். "இந்தக் காத்து முடியிறதுக்குள்ள இது ஓடலன்னா வித்துர்றேன் அண்ணே" என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

விசிறியோடு தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சினின் கால் குட்டை. அதை மாட்டும் படகின் பின்பலகையோ உயரம். அப்படியே மாட்டினால் விசிறி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் சுற்றும். பலகையின் நடுவை இறக்கி வெட்ட வேண்டும். எஞ்சின் கவ்விப் பிடிக்கும் இடத்தைக் கனமாக்கவும் வேண்டும். இந்த மாகாணத்திலேயே அதைச் செய்யத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று எடுத்துச் சொன்னேன்.

"எத்தன படகுக்குச் செஞ்சிருக்கீங்க தம்பி?"

"கணக்கு வச்சுக்கிறதில்ல மதினி."

"ஒங்க வாயி ஓடுற ஓட்டத்துக்கு அதையே பின்னால மாட்டிரலாம். சரி, ஆரம்பிங்க."

கனமாக்க நான் எடுத்தது தேயிலைப் பெட்டிப் பலகை. தேயிலைத் தொழிற்சாலை பெட்டியை விட்டுச் சாக்குக்கு மாறிய பிறகும் எங்கள் லயத்தில் அதற்குக் குறைவில்லை. அலமாரி அது, சாமி மாடம் அது, நான் படித்த கொஞ்ச காலத்தில் மேசையும் அதுதான். அடுக்கி ஒட்டி ஆணி அடித்தேன். ஈரம் புகாது என்று உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளைக்கூட உரிக்கவில்லை. கரையில் நின்றவர்கள் கப்பலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மதினியும் நானும் ஏறிப் புறப்பட்டோம். நடுத்தண்ணீர் வரை எஞ்சின் சிங்கமாக உறுமியது. பிறகு ஊறிய பலகை நனைந்த ரொட்டிபோல் பிதுங்கியது. எஞ்சின் பின்னால் சாய்ந்து தண்ணீருக்குள் குதித்துவிட்டது. மதினி அதை இருக்கைச் சட்டத்தோடு கயிற்றால் கட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். ஆளுயர அலையில் இருவரும் இழுத்துத் தூக்கி, துடுப்புப் போட்டே கரை சேர்ந்தோம்.

வேலாயுதம் காத்திருந்தார். "இந்தாள நம்பி எஞ்சினையும் குளிப்பாட்டிட்டியா? இப்பவாவது வித்துரு."

மதினி ஈரச் சேலையைப் பிழிந்தபடி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எங்க கொழுந்தன் மாதிரி ஒரு பாஸ் இந்தக் கொத்மலையிலயே கெடையாது." பாஸ் என்றால் எங்கள் பக்கம் கைதேர்ந்த தச்சர். இந்த வார்த்தையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அடக்கத்தின்போதும் சொன்னேன்.

எஞ்சினை டவுனில் ஒரு மெக்கானிக் கழற்றிக் காயவைத்தார். இம்முறை படகைத் தண்ணீரிலேயே நிறுத்தி, வலையோடு மதினியையும் ஏற்றி உட்காரவைத்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பின்பலகையில் கரியால் கோடு போட்டேன். அந்தக் கோட்டிலிருந்துதான் அளவு எடுத்தோம். இரு பக்கமும் கனத்த பலாப் பலகை, ஊடுருவிப் போகும் போல்ட்டுகள், வெட்டிய விளிம்பெல்லாம் ஃபைபர் பூச்சு. இறக்கி வெட்டிய இடத்தின் வழியே அலை உள்ளே வராதபடி அதற்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்பு. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய இன்ஜினியர் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

காற்று உச்சத்தில் இருந்த ஒரு காலை, மதினி எதிர்க்காற்றைக் கிழித்துப் போய் வலையோடு திரும்பினார். முதல் கூடையை இறக்கித் தலையில் சுமந்தவர் வேலாயுதம்.

அதன்பின் மதினி மலைக்கு ஏறவே இல்லை. அந்தத் தண்ணீரை நம்பியே மகளை டீச்சராக்கினார். மற்றப் படகுக்காரர்களும் என்னைத் தேடி வந்தார்கள். அதுவரை என்னை நம்பி ஒரு கதவுக்குக் கீல் மாட்டக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. இன்று என் வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொழிலால்தான்.

போய் வாருங்கள், மதினி. நீங்கள் போன பிறகாவது ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அன்று கரையில் நீங்கள் என்னைப் புகழவில்லை. அது நானே கட்டிவிட்டது. எல்லோரும் சிரிக்க, தலையைக் குனிந்துகொண்டு நான் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்து கூப்பிட்டு நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நாளைக்கு வரும்போது பலாப் பலகையா பாத்துக் கொண்டாங்க."