வீட்டுக்கார அம்மாவாக வந்தவர்

அருந்ததியின் முகத்தைப் பார்த்துத்தான் நாகேந்திரம் அவரைப் படத்துக்குக் கேட்டார். நடித்துப் பழக்கம் எதுவும் அவருக்கு இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டெழுத்து வேலை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் கலியாணமாகி நோர்வே போய்விட்டாள். மாலையில் பஸ்ஸால் இறங்கிப் படியேறி வந்தால், உடுப்பு மாற்றவும் மனமில்லாமல் அரை மணித்தியாலம் கதிரையில் சாய்ந்திருப்பார். 2008ஆம் ஆண்டின் பெரும்பகுதி அவருக்கு அப்படித்தான் போனது.

நாகேந்திரம் கொட்டாஞ்சேனையில் கலியாண வீடியோ எடுப்பவர். அருந்ததியின் மகளின் கலியாணத்தையும் அவர்தான் எடுத்தார். அதே கமராவால் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கதை சின்னதுதான். ஓர் இளைஞன் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறான். தன்னைப் பொலிஸுக்குக் காட்டிக்கொடுக்க, வீட்டுக்கார அம்மா அவனுடைய அறைக் கதவில் காது வைத்துக் கேட்கிறாள் என்று அவனுக்குச் சந்தேகம். அவள் உண்மையிலேயே கேட்கிறாளா, அவனுடைய மனம்தான் குழம்பிவிட்டதா என்பதைப் படம் சொல்லாது. கடைசியில் அவள் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்துவாள். அதோடு முடிந்துவிடும்.

படப்பிடிப்பு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அருந்ததியின் வீட்டிலேயே நடந்தது. எனக்கு இதெல்லாம் வராது என்று முதல் நாளே அவர் சொன்னார்.

“நடிக்க வேண்டாம் அக்கா. வேலையால வந்து எப்பிடி நடப்பீங்களோ அப்பிடி நடவுங்கோ, போதும்” என்றார் நாகேந்திரம்.

அவரும் அப்படியே நடந்தார்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் படத்தைப் போட்டார்கள். நூறு பேரளவில் வந்திருந்தார்கள். பாதிப் பேர் லொட்ஜுகளில் தங்கி வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருப்பவர்கள். அருந்ததியின் முன்வீட்டு ஜெகதீஸ்வரியும் தன் தம்பியோடு வந்திருந்தார். அந்தத் தம்பி சுவிஸில் இருக்கும் மனைவியிடம் போவதற்காக வவுனியாவிலிருந்து வந்தவன். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வருபவர்கள் நகரத்தில் தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு அவனுக்குத் தவணை முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. அது அருந்ததிக்கும் தெரியும்.

படத்தின் நடுவில் இளைஞனின் கதவு தட்டப்படும். அந்த இடத்தில் சனம் பயந்து கத்தும் என்று நாகேந்திரம் எதிர்பார்த்துப் பின்னால் நின்றார். ஒருவரும் கத்தவில்லை. ஆண்களின் கைகள் சேர்ட் பொக்கற்றுக்குப் போயின, பெண்கள் கைப்பைகளைத் திறந்தார்கள். பொலிஸ் சோதனையென்று நினைத்து அடையாள அட்டையைத் தேடுகிறோம் என்பது அவர்களுக்கே பிறகுதான் உறைத்தது. யாரோ சிரித்தார், பின் மண்டபமே சிரித்தது. அடுத்த காட்சியில் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. நாகேந்திரம் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

முடிந்தபின் வாசலில் நின்று அபிப்பிராயம் கேட்டார். சத்தம் தெளிவில்லை என்றார் ஒருவர். இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறதுதானே, இதைப் பார்க்க மண்டபத்துக்கு வர வேண்டுமா என்றார் இன்னொருவர். அடுத்த படத்திலாவது ஒரு பாட்டு வருமா என்று ஒரு வயதானவர் மரியாதையாக விசாரித்தார். அந்த அம்மா அப்படிச் செய்தாளா இல்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஜெகதீஸ்வரியின் கதவு பூட்டியே கிடந்தது. முன்பென்றால் அருந்ததி படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வெளியே வருவார். இப்போது அதே சத்தத்துக்கு உள்ளே பேச்சு நின்றது. தம்பியைக் கொட்டாஞ்சேனையில் ஒரு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களென்று கீழ்க் கடையில்தான் அருந்ததி அறிந்தார். கதவைத் தட்டி, அது வெறும் படமென்று சொல்லலாமா என்று ஒருநாள் யோசித்தார். நின்று கதைக்க அன்று உடம்பில் தெம்பில்லை. பிறகும் தட்டவில்லை.

மூன்று கிழமை கழித்து, விடியக்காலையில் பொலிஸும் ஆமியும் வந்து, தொடர்மாடி இருந்த ஒழுங்கை முழுவதையும் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் இறக்கி ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தார்கள். அருந்ததிக்குப் பின்னால் ஜெகதீஸ்வரி நின்றார். இரண்டு மணித்தியாலம் அப்படி நின்றார்கள். அட்டையைப் பார்த்த அதிகாரி, முன்வீட்டில் ஒரு ஆண் இருந்தாராமே என்று சிங்களத்தில் அருந்ததியிடம் கேட்டார். பின்னால் ஜெகதீஸ்வரி ஒரு அடி கிட்ட வந்தது அவருக்குத் தெரிந்தது.

தான் காலை ஏழு மணிக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வருவதாகவும், வந்தால் தூங்குவதாகவும், யார் வீட்டில் யார் இருக்கிறார்களென்று பார்க்க நேரமில்லையென்றும் அவர் சிங்களத்திலேயே சொன்னார். அதிகாரி அவருடைய முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அதிலிருந்த களைப்பை நம்பாமல் இருப்பது கடினம். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு விட்டார்கள். படியேறும்போது ஜெகதீஸ்வரி பின்னால் நின்று கேட்டார்.

“அக்கா, என்னில கோவமோ?”

“கோவிக்க எங்க பிள்ளை நேரம்? வேலைக்குப் பிந்திப்போச்சு” என்றார் அருந்ததி.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் படத்தை மறுபடி போட்டார்கள். கட்டாயம் வர வேண்டுமென்று நாகேந்திரம் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார். கிடைப்பது ஒரு ஞாயிறு, படுக்கப் போகிறேன் என்று அருந்ததி சொல்லிவிட்டார். சொன்னபடியே படுத்தார்.

ஜெகதீஸ்வரி போனார். பொழுதுபட வந்து கதவைத் தட்டினார். அங்கே சனம் அந்த அம்மாவைத் திட்டித் தீர்த்ததாம். பக்கத்தில் இருந்த பெண் நாசமாய்ப் போவாள் என்றாளாம்.

“நான் எழும்பிச் சொல்லிப்போட்டன் அக்கா, அது எங்கட முன்வீட்டு ஆள், அப்பிடியான ஆள் இல்லை எண்டு. இரு, இரு, மறைக்குது எண்டு பின்னால சத்தம் போட்டினம்.”

அருந்ததி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். சிரிப்பு வந்தது, கூடவே கொட்டாவியும் வந்தது. நாளைக்கு உடுக்கும் சேலையை இன்னும் அயன் பெட்டியால் மினுக்கவில்லை என்று சொல்லி, ஜெகதீஸ்வரியை உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.