சிரப் பாட்டிலில் கொஞ்சம் விஸ்கி

மூன்று வருடங்களுக்கு முன்னால், பாரிவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்தது இது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். குடிகாரன் இல்லை. அதே சமயம், யாராவது அன்பாக ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று எழுந்து போகிற அளவுக்கு உத்தமனும் இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு கொரோனா வந்து போனதில் எனக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும். அவ்வளவுதான். சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் வித்தியாசம் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டாக்டரிடம் போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், தினமும் கிராம்பு, எலுமிச்சம்பழம் மாதிரி வாசனையுள்ள நாலு பொருளை முகர்ந்து பழகுங்கள் என்றார்.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் அதே காய்ச்சலில் கிடந்துதான் எழுந்தாள். எழுந்த முதல் நாளே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ரசம் வைத்துப் போட்டு, "நல்லா கீதா?" என்று கேட்டாள். வெந்நீர் குடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "சூப்பர்" என்றேன். மறுநாளும் சூப்பர். அப்புறம் மாற்றிச் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது. கிராம்பும் எலுமிச்சையும் அவள் அடுக்களையில்தானே இருக்கிறது, மூக்கில் வைத்தால் கேட்பாளே என்று அந்தப் பயிற்சியையும் விட்டுவிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு தம்பி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஐடி வேலை, கல்யாணம் ஆகவில்லை. விஸ்கி என்றால் அவருக்கு ஒரு பாடம் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மாடிக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டார். ஸ்காட்லாந்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பாட்டில் இருக்கிறது என்றார். போனால் சோடா கிடையாது, ஐஸ் கிடையாது, மிக்சர் கிடையாது, ஊறுகாய்கூடக் கிடையாது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த ஊரில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்தித்தான் இந்த விஸ்கி செய்கிறார்களாம். ஆளுக்கு இரண்டு கிளாஸ் வைத்தார். ஒன்றில் புகை போடாத சாதாரண விஸ்கி, இன்னொன்றில் இது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் அருமை தெரியும், முதலில் குடிக்காதீங்க, வாயை லேசாகத் திறந்து முகர்ந்து பாருங்க என்றார். ஆளாளுக்கு முகர்ந்தார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஒருவர் ஆஸ்பத்திரி என்றார். நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? கையில் இருந்த கிளாஸை ஆழமாக முகர்ந்து, கண்ணை மூடி, "யப்பா! இன்னா பொகை, இன்னா பொகை!" என்றேன்.

நான் எடுத்தது புகை போடாத கிளாஸ்.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. தம்பி கவனித்துவிட்டார். என் கையையும் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "ஆமாண்ணே, நல்ல புகை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். என் மானம் காப்பாற்றப்பட்டது அப்போது எனக்கே தெரியாது. எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்திவைத்து மெதுவாகக் கேட்டார். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை, நேற்றுப் பழகிய அவரிடம் கொட்டித் தீர்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது, கண் கலங்கிவிட்டது.

அவர் உள்ளே போய், காலி இருமல் சிரப் பாட்டில் ஒன்றைக் கழுவி, அந்த விலை உயர்ந்த விஸ்கியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். "எனக்குத் தெரிஞ்சு இதைவிட அழுத்தமான வாசனை கிடையாதுண்ணே. தினமும் காலையில மோந்து பாருங்க. குடிச்சிராதீங்க" என்றார்.

அதைக் குளியலறை அலமாரியில் ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தினமும் காலையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு முகர்வேன். ஒன்றும் வராது. மூடி வைப்பேன். இருபது நாள் இப்படிப் போயிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், மனைவி ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்த சிரப் பாட்டில். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"காலைலயே ஆரம்பிச்சுட்டியா? எங்கண்ணனும் இப்டித்தான்யா, சிரப்பு பாட்டில்ல ஊத்தி ஒளிச்சு வச்சுகினு இருந்தான்."

அவள் அண்ணன் குடியால் போனவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாட்டிலைப் பார்த்து அவள் எப்படித் துடித்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாக எனக்கு வாசனை தெரியாது, நான் சொன்ன சூப்பர் எல்லாம் பொய் என்பதையும் சேர்த்து.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"மாடிப்படி ஏறும்போதே இன்னிக்கு கருவாடா, காரக்கொழம்பான்னு சத்தம் போட்டுகினே வருவியே. ஒரு வருசமா ஒண்ணும் கேக்கல. என் சமையல் உனுக்கு சலிச்சுப் போச்சுன்னு நெனச்சுகினேன். நானே சலிச்சுட்டனோன்னுகூட நெனச்சேன்யா."

அதனால்தான் அவள் போனைப் பார்த்துப் பார்த்துப் பன்னீர், அது இது என்று புதிது புதிதாக என்னென்னவோ செய்து போட்டிருக்கிறாள். "அந்தப் பன்னீரு அடிபுடிச்சு தீஞ்சே போச்சு. அதக்கூட சூப்பர்னியே, பாவி!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவில்லை. அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

கொஞ்சம் தெளிந்ததும் பாட்டிலைத் திறந்தாள். "கண்ண மூடு" என்றாள். தானும் முகர்ந்து, என் மூக்கடியிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மொதல்ல டிஞ்சரு, கட்டு போடுற ரூமு மாதிரி. அப்பால பொகை. போகிக்கு நனைஞ்ச பாயக் கொளுத்துனா வருமே, அது. அடியில லேசா உப்பு... ஐய, கருவாடுகூட கீதுய்யா!"

அவள் கருவாடு என்று சொன்ன நொடியில், மூக்குக்குள் எங்கேயோ ஒரு மூலையில் மெல்லிய வாடை ஒன்று தட்டுப்பட்டது. அது விஸ்கியா, அவள் சொன்ன வார்த்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தால் என்ன?

மறுநாளிலிருந்து அடுக்களையிலேயே, அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல முகர்ந்தேன். கிராம்பு, எலுமிச்சை, பெருங்காயம், அந்த விஸ்கி. இரண்டு மாதத்தில் புகை நிஜமாகவே வந்தது. பெருங்காயம் அதற்கப்புறம் வந்தது. இன்றைக்குப் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. எதிர் வீட்டுத் தம்பிக்கு விஷயம் தெரிந்து, "அக்கா, நாங்க வருஷக்கணக்கா குடிச்சும் இவ்வளவு கண்டுபிடிக்கலையே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்போதெல்லாம் புதுப் பாட்டில் திறந்தால் முதல் கிளாஸ் அவளிடம்தான் வரும். ஒரு சொட்டு குடிக்கமாட்டாள். முகர்ந்து பார்த்து இன்ன இன்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன். ஆனால் தானே எனக்குச் சலித்துப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க எனக்குச் சோறு போட்டவளின் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம், வராத வாசனையை நினைத்து நான் பட்ட வருத்தம் ஒரு வருத்தமா என்று தோன்றுகிறது.