சாய்ந்து நின்ற புகைபோக்கி

காலை ஏழரை மணிக்கு உத்திரமேரூரில் பெருநகர் போகும் நகரப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணமில்லை. சன்னலோரம் உட்கார்ந்தவள் என் எதிர்வீட்டுக் கஸ்தூரி. பெருநகர் அவள் பிறந்த ஊர். ஆனால் பல வருடங்களாக அந்தப் பக்கமே போகாதவள். செய்யாற்றங்கரையில் மூடிக் கிடக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை இன்று வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், பார்த்து எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "நானும் வரேன். அது வியறத, அடியோட சாயறத என் கண்ணால பாக்கணும்" என்று கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் அந்தக் கதைதான். ஒரு தனியார் கம்பெனி கட்டிய சிறிய நிலையம். வேலை கிடைக்கும் என்று ஊர்க்காரர்களே நிலத்தை விற்றார்கள். வேலை கிடைக்கவும் செய்தது. அவள் தம்பி தனசேகர் கொதிகலன் பிரிவில் சேர்ந்தான். நிலக்கரி லாரிகள் வரத் தொடங்கிய பிறகு நெற்கதிரில் சாம்பல் படிந்தது. அப்போது அங்கேயே குடியிருந்த கஸ்தூரியின் இரண்டு வயது மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது. அவள் பெண்களைத் திரட்டிச் சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்தாள். வேலைக்கு வந்த தம்பி, "எங்க சோத்துல மண்ண போடாத" என்று ஊரே பார்க்கக் கத்தினான். அன்றோடு பேச்சு நின்றது. மகளோடு அவள் உத்திரமேரூர் வந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் தம்பி பேச்சையே எடுத்ததில்லை.

"உங்க போராட்டத்துலதான் மூடினாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க? கரி வெல ஏறிடுச்சி, கட்டுப்படியாவலன்னு அவங்களே மூடிக்கினு பூட்டாங்க. நாங்க கத்துனது யார் காதுலயும் ஏறல."

எட்டரைக்குப் பெருநகர். ஆற்றங்கரைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் கஸ்தூரியை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாக்கா, தம்பிய பாக்கவா? உள்ளதான் கீறாரு. வழி தெரிஞ்ச ஆளுன்னு இடிக்கிற காண்ட்ராக்டர் வேலைக்கு வச்சிக்கினாரு."

கஸ்தூரி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள்.

பத்து மணிக்குள் காவலர்கள் எங்களை எல்லாம் இக்கரையில் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். நடுவில் மணலும் ஓடை போல் கொஞ்சம் தண்ணீரும். அக்கரையில் புகைபோக்கி. சங்கு ஊதியது. வெடிச் சத்தம் நெஞ்சில் இடித்தது. சிலர் கைதட்டினார்கள். புழுதி அடங்கியதும் கைதட்டலும் அடங்கிவிட்டது.

புகைபோக்கி விழவில்லை. அடிப்பாகம் ஒரு பக்கம் நொறுங்கி, விழ வேண்டிய திசைக்கு நேர் எதிராகச் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கம் பழைய கட்டுப்பாட்டு அறை. பாதுகாப்பான இடம் என்று ஆட்கள் அதற்குள்தான் ஒதுங்கியிருந்தார்கள்.

"யாரும் நகரக் கூடாது" என்று ஒலிபெருக்கி அலறியது. கஸ்தூரி கயிற்றைத் தாண்டி ஓடினாள். ஒரு பெண் காவலர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வுடும்மா! என் தம்பி உள்ள கீறான்!"

அறையின் வாசல் புகைபோக்கியைப் பார்த்தே இருந்தது. மேலிருந்து செங்கல் உதிர்ந்துகொண்டிருந்ததால் அந்த வழியே வெளியே வர முடியாது. உள்ளே இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஆற்றைப் பார்த்த பின்சுவர்ச் சன்னலின் கம்பி வளைந்து ஒருவர் குதித்தார். அடுத்து இன்னும் இருவர். கடைசியாக ஒரு வயதானவரைக் கீழே இறக்கிவிட்டுத் தனசேகர் குதித்தான். அவரைத் தோளில் தாங்கியபடி நிலையத்தின் சாம்பலைக் கொட்டிவைத்த குட்டைக்குள் முழங்கால் புதையப் புதைய நடந்தான். அவர்கள் ஆற்று மணலைத் தொட்டபோது பின்னால் புகைபோக்கி முறிந்து அந்த அறைமேல் விழுந்தது.

தலையிலிருந்து கால்வரை சாம்பலாக அவன் கரையேறினான். அக்காளைப் பார்த்து நின்றான்.

"நீ எப்போ வந்த?"

"அது வியறத பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தியா?"

"இல்லடா. உன்னியே பாத்துக்கினு இருந்தேன்."

அவன் மணலில் உட்கார்ந்து அழுதான். அவள் முந்தானையை ஆற்றில் நனைத்து வந்து அவன் கண்களைத் துடைத்தாள்.

மாலை ஐந்து மணிப் பேருந்தில் நான் மட்டும் திரும்பினேன். கஸ்தூரி தம்பி வீட்டில் தங்கிவிட்டாள். உத்திரமேரூரில் என் வீட்டு விளக்கில் எரிந்த மின்சாரத்தில் அந்த நிலையத்தினுடையதும் கலந்திருக்கும். அதன் சாம்பல் ஒருநாளும் என் வாசலுக்கு வந்ததில்லை. இறங்கியதும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "அம்மா மாமா வீட்டுல இருக்காங்க" என்றேன். கஸ்தூரியின் மகள், "எந்த மாமா?" என்று கேட்டாள்.