கண்மாயில் மிதந்த தடுப்பு

மாலை நாலு இருபதுக்கு மகளின் போன் பாதிப் பேச்சில் அறுந்தது. தூத்துக்குடியிலிருந்து படகில் கடலுக்குள் போயிருந்தாள். "அம்மா, காத்து திரும்பிருச்சு, கயிறு இஞ்சின் விசிறில சிக்கி..." அவ்வளவுதான். பிறகு எத்தனை முறை அழைத்தும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ள, அவளும் உடன் படித்தவர்களும் ஒரு தடுப்பு செய்திருந்தார்கள். லாடம்போல் வளைந்த மிதக்கும் குழாய், அதன்கீழே தொங்கும் வலை. வலைக்கண் பெரிதானால் துண்டுகள் நழுவும். சிறிதானால் மீன்குஞ்சு மாட்டும், தண்ணீரும் வலையைப் படகுப்பாய்போல இழுக்கும். அந்தக் கணக்கிலேயே வெகுநாள் போயிற்று.

சோதிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கண்மாய் கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு நானும் போனேன். கரையில் மாடு மேய்த்த பெண்மணி, "ஏட்டி, கடலயே கூட்டப் போறியாக்கும்? வீட்டுல வாருகோலத் தொட்டிருக்கியா?" என்றார் மகளிடம்.

"தொட்டா கை வலிக்கும் அத்த, அதான் மிஷினு செய்யுதேன்."

"அப்ப எங்க வாசலுக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

மலையிலிருந்து காற்று அடித்தது. நாங்கள் வீசிய பாட்டில்களும் பைகளும் நேராக லாடத்துக்குள் வந்து அடைந்தன. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்துதான். களத்தில் நெல் தூற்றுகிறவர்கள்கூட இடம் மாறி நிற்க மாட்டார்கள். நங்கூரத்தையும் மேற்கே மட்டும் போட்டார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அப்படியே கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

போன் அறுந்த அந்த மாலை, "கிளம்புவோம்" என்றேன்.

"எங்கிட்டு? கடலுக்குள்ளயா?" என்ற என் கணவர், சட்டையை மாட்டிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

வாசலுக்கு வந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஒரு மீனவர். "ஒங்க பிள்ள கரையில நிக்கா. போன் தண்ணிக்குள்ள போயிருச்சு. பயப்படாதிய." இப்போதும் புது நம்பர் வந்தால் எடுக்கச் செத்த நேரம் ஆகிறது எனக்கு.

மறுநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினாள். சட்டையில் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. காற்றும் நீரோட்டமும் எதிரே திரும்ப, கிழக்கே பிடிக்க நங்கூரம் இல்லாமல் லாடம் புரண்டு கயிறு விசிறியில் சுற்றியிருக்கிறது. கயிற்றை அறுத்தபின் அந்த மீனவர்தான் இவர்கள் படகைக் கட்டி இழுத்து வந்தார்.

"இனி கடலுக்குப் போக வேண்டாம்" என்றேன்.

"தடுப்ப அங்கனயே விட்டுட்டு வந்திருக்கோம்மா. அம்புட்டும் பிளாஸ்டிக்கு. நாங்க போட்ட குப்ப. அத எடுக்கவாவது போவணும்."